உத்திரமேரூரில் கிளம்பாத ஆர்எக்ஸ் 100

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கல்வெட்டு, ஏரி, செப்பேடு என்று எழுதிக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை ஒரு மோட்டார் சைக்கிள். கல்வெட்டு படிக்க வருகிறவர்கள் மன்னிக்கவும். ஆனால் கடைசிவரை படியுங்கள், இதிலும் வரலாறு இருக்கிறது, கொஞ்சம் கிரீஸ் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

உத்திரமேரூரிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே எங்கள் பெரியப்பா வீடு. அவருக்கு வயது 74. அவருடைய வண்டி 1995இல் பதிவான யமஹா ஆர்எக்ஸ் 100. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அதைப் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டி, காயில் கட்ட காஞ்சிபுரம் கொண்டு போனது அந்த வண்டியில்தான். உர மூட்டை, விதை நெல், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மூன்று பேர் (அதில் நானும் ஒருவன், டேங்க் மேல்) எல்லாம் அதில் போயிருக்கிறோம்.

இரு சக்கர வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2010, 2015, 2020 என்று மூன்று தடவை பசுமை வரியும் கட்டி அவரே ஓட்டிக்கொண்டு போய்க் காட்டிப் புதுப்பித்திருக்கிறார். போன வருடம், அதாவது 2025இல், நான்காவது தடவை. வண்டியை ஆய்வுக்குக் கொண்டுவர வேண்டிய நாள் ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு காலையில் கொட்டகையிலிருந்து வண்டியை வெளியே எடுத்தால், கிளம்பவில்லை. முழங்கால் வலி என்று அவர் ஏழு மாதமாகத் தொடவே இல்லை.

சென்னையில் இருக்கும் அண்ணன் (பெரியப்பா மகன்) போனில் சொன்னது இதுதான்: "இத்தோட விட்டுடச் சொல்லு. ஆர்எக்ஸ்க்கு இப்ப இருக்குற ரேட்டுக்கு, ஓடலன்னாலும் வாங்கிட்டுப் போக ஆள் இருக்கு." பெரியப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "ஓடுற வண்டின்னா அது என்து. ஓடலன்னா அது வெறும் இரும்பு. இரும்ப யார் வேணா எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படுக்கிற ஆள் இல்லை அவர்.

நான் நாற்பது உதை உதைத்தேன். வியர்த்ததுதான் மிச்சம்.

திங்கட்கிழமை சாயங்காலம் மெக்கானிக் அண்ணன் வந்தார். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார், எனவே அண்ணன் என்றே எழுதுகிறேன். முப்பது வருடமாக டூ ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டுமே தொட்டு வளர்ந்த கை. வந்ததும் முதல் கேள்வி: "டேப் ஆஃப்ல இருந்துச்சா, ஆன்ல இருந்துச்சா?"

ஆனில்தான் இருந்தது. ஏழு மாதமாக.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று புரிய வேண்டுமானால் இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு, 1890களின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே ஜோசப் டே என்று ஒரு பொறியாளர். பிஸ்டன் நான்கு தடவை மேலும் கீழும் போனால் ஒரு முறை வெடிக்கிற எஞ்சினுக்கு ஜெர்மனியின் ஓட்டோ காப்புரிமை வைத்திருந்தார். இரண்டே ஓட்டத்தில் ஒரு வெடிப்பு என்கிற எஞ்சினை ஸ்காட்லாந்தின் டூகால்ட் கிளர்க் ஏற்கெனவே செய்துவிட்டார், ஆனால் அதற்குக் காற்றும் வாயுவும் உள்ளே தள்ளத் தனியாக ஒரு பம்ப் சிலிண்டர் வேண்டும். டே செய்தது என்னவென்றால், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றுகிற பெட்டியையே பம்பாக ஆக்கியது. பிஸ்டன் மேலே போகும்போது அதன் அடியில் கலவை உறிஞ்சப்படும், கீழே வரும்போது அதே கலவை அமுக்கப்பட்டு மேலே ஏறும். டேவிடம் வேலை பார்த்த ஃபிரடெரிக் காக் என்பவர் இன்னும் ஒரு படி போனார். சிலிண்டர் சுவரில் மூன்று ஓட்டை போட்டு, பிஸ்டனின் பக்கவாட்டுச் சுவரே அவற்றைத் திறந்து மூடும்படி செய்தார். வால்வு கிடையாது, கேம் கிடையாது, செயின் கிடையாது. அசைகிற பாகம் மூன்றுதான்: பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க். டே பின்னால் பணத்தை எல்லாம் இழந்து, 1946இல் யாருக்கும் பெயர் தெரியாத ஆளாகச் செத்துப்போனார்.

ஆக, டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் நேராக மேலே போவதில்லை. முதலில் கிராங்க் பெட்டிக்குள் போகிறது. டேப்பை ஆனில் விட்டு, கார்பரேட்டரின் ஃப்ளோட் ஊசி கொஞ்சம் கசிந்தால், பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இறங்கி அந்தப் பெட்டியில் குளம் கட்டும். நான் உதைத்த நாற்பது உதையும் அந்தக் குளத்தை மேலே இறைத்து பிளக்கைக் குளிப்பாட்டியிருக்கிறது.

அண்ணன் டேப்பை மூடினார். பிளக்கைக் கழற்றினார். கருப்பாக, ஈரமாக இருந்தது. ஈரம் என்றால் பெட்ரோல் வருகிறது என்று அர்த்தம், காய்ந்திருந்தால் வரவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு பார்வையில் பாதித் தேடல் முடிந்துவிடும். ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகிப் பிடிக்கச் சொல்லி, பிளக் இல்லாமல் பத்துப் பதினைந்து தடவை உதைத்தார். பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் புகையாகத் தெறித்தது. "பீடி யாரும் பத்த வெக்காதீங்க" என்று சுற்றி நின்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை.

அடுத்தது கார்பரேட்டர் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூ. அதைத் தளர்த்தி, உள்ளே இருந்ததை ஒரு பழைய கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். வெயிலில் தூக்கிக் காட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. பாட்டிலில் இரண்டு அடுக்கு. மேலே பெட்ரோல், கீழே விரல் கனத்துக்குக் கலங்கலாக வேறு ஏதோ.

"தண்ணி மட்டும் இல்லப்பா. ஸ்பிரிட்டும் தண்ணியும்."

இது பழைய மெக்கானிக்குகள் படிக்காத பாடம். 2003இல் சில மாநிலங்களில் பெட்ரோலில் 5 விழுக்காடு எத்தனால் கலக்கத் தொடங்கினார்கள். 2022இல் நாடு முழுக்கச் சராசரி 10 விழுக்காட்டைத் தொட்டது, 2025இல் 20. கரும்பு, உடைந்த அரிசி, சோளம் ஆகியவற்றிலிருந்து வருகிற சாராயம்தான் அது. இறக்குமதி எண்ணெய்க்கான செலவு குறைகிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. தினமும் ஓடுகிற வண்டியில் பெட்ரோல் தங்காது, எனவே இந்தப் பிரச்சினையும் வராது. ஆனால் எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கிற குணம். டேங்கில் பாதி காற்றுடன் ஒரு மழைக்காலத்தைக் கடந்த வண்டியில், இழுத்த தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்துகொண்டு பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்குக்கு அடி என்பது டேப். டேப்புக்கு அடி என்பது கார்பரேட்டர். எஞ்சினுக்கு முதலில் போய்ச் சேருவது எரியாத அந்தக் கலங்கல்தான். இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுக்காத எரிபொருள் இது.

டேங்கை முழுக்கக் கவிழ்த்தோம். கார்பரேட்டரைக் கழற்றி ஜெட் ஓட்டைகளில் காற்று ஊதினார். புதுப் பெட்ரோல் இரண்டு லிட்டர். பெரியப்பா எழுந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தவர், "ஒரு மூடி ஆயில் ஊத்து" என்றார். அண்ணன் சிரித்தார்.

இதற்கும் ஒரு கதை உண்டு. கிராங்க் பெட்டி பம்பாகிவிட்டதால் அங்கே ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. எனவே எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றினார்கள். ராஜ்தூத், ஜாவா, எஸ்டி, டிவிஎஸ் 50 வைத்திருந்தவர்களுக்கு பெட்ரோல் பங்கில் அந்தச் சின்ன அளவுக் குவளை நினைவிருக்கும். யமஹா 1964இல் தன் வண்டிகளில் ஆட்டோலூப் என்று ஒரு தனி பம்ப் கொண்டுவந்தது. எண்ணெய்க்குத் தனித் தொட்டி, ஆக்சிலேட்டருக்குத் தக்கபடி பம்பே எண்ணெய் விடும். ஆர்எக்ஸ் 100இலும் அந்தப் பம்ப் உண்டு. முப்பது வருடமாக ஒரு நாளும் பழுதாகாமல் வேலை செய்கிறது. முப்பது வருடமாகப் பெரியப்பாவும் அதை நம்பாமல், பெட்ரோல் போடும்போதெல்லாம் மேலே ஒரு மூடி ஊற்றிக்கொண்டிருக்கிறார். உத்திரமேரூர் பக்கம் இவர் ஒருவர் மட்டும் இல்லை, விசாரித்துப் பார்த்தேன்.

பிளக்கைக் கம்பி பிரஷால் தேய்த்து, கேப்பில் மாட்டி, சிலிண்டர் ஹெட்டின் மேல் உலோகம் படும்படி வைத்து உதைத்தார். நீலப் பொறி, 'டிக்' என்று. பாட்டரி சுத்தமாகச் செத்திருந்தது, ஹாரன்கூட வராது. ஆனால் இந்த வண்டியின் சிடிஐக்கு பாட்டரி தேவையில்லை, மேக்னெட் சுற்றினாலே மின்சாரம். முன்னால் பிளாட்டினம் பாயிண்ட் காலத்தில் இந்த இடத்தில்தான் அரை நாள் போகும் என்றார் அண்ணன். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளிக்கு கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கிழித்து நுழைத்துப் பார்ப்பார்களாம்.

பிளக் ஓட்டையில் கட்டை விரலை அழுத்தி வைத்து என்னை உதைக்கச் சொன்னார். விரலைத் தூக்கி எறிந்தது. கம்ப்ரஷன் இருக்கிறது.

பெட்ரோல் புதுசு, பொறி இருக்கு, கம்ப்ரஷன் இருக்கு. மெக்கானிக் தொழிலின் மூன்று தூணும் நிற்கிறது. மாட்டி உதைத்தார். 'பொட்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இரண்டாவது கியரில் போட்டுத் தெருக்கோடி வரை மூன்று பேர் தள்ளினோம். இருமியது, நின்றுவிட்டது. இருட்டிவிட்டது. "கிராங்க் ஆயில் சீல் போயிருக்கும், அப்படின்னா எஞ்சின எறக்கணும், புதன்கெழமைக்குள்ள ஆகாது" என்று சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டார். பெட்டியே பம்ப் என்பதால் அதன் இரண்டு பக்க சீலும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். ரப்பர் இறுகிப்போனால் உறிஞ்சும் வேகம் போய்விடும். நியாயமான சந்தேகம்தான். பெரியப்பா எதுவும் பேசாமல் தார்ப்பாயை எடுத்து வண்டிமேல் போர்த்தினார்.

அன்றிரவு தூக்கம் வராமல், இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று படித்துக்கொண்டிருந்தேன். ஆச்சரியம், எந்தப் பக்கம் போனாலும் பாதை ஒரே ஊரில் போய் முட்டியது. கிழக்கு ஜெர்மனியில், சாக்சனியில், சோப்பாவ் என்கிற சின்ன ஊர். நம் உத்திரமேரூர் மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ராஸ்முசன் என்கிற டென்மார்க்காரர் அங்கே நடத்திய நிறுவனம்தான் டிகேடபிள்யூ. 1928 வாக்கில் உலகத்திலேயே அதிக மோட்டார் சைக்கிள் செய்த கம்பெனி. அதுவரை டூ ஸ்ட்ரோக் பிஸ்டனின் தலையில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மேடு இருக்கும். உள்ளே வருகிற புதுக் கலவை நேராக எதிர்ப்பக்க ஓட்டை வழியாக வெளியே ஓடிவிடாமல் மேலே திருப்பிவிட அந்த மேடு. அது சூடேறி உருகும், கனம் வேறு. அடால்ஃப் ஷ்னூர்லே என்ற ஜெர்மன் பொறியாளர் 1920களின் நடுவில், கலவை வருகிற ஓட்டைகளைச் சாய்வாக வைத்து, அது சிலிண்டர் பின்சுவரில் மோதி வளையமாகச் சுழன்று திரும்பும்படி செய்தார். பிஸ்டன் தலை தட்டையாகிவிட்டது. டிகேடபிள்யூ அந்த உரிமையை வாங்கி மோட்டார் சைக்கிளில் போட்டது.

1939இல் அங்கே ஹெர்மன் வெபர் வடிவமைத்த ஆர்டி 125 வந்தது. உடனே போர். தோற்ற ஜெர்மனியின் காப்புரிமைகள் எல்லாருக்கும் பொதுச்சொத்து ஆகிவிட்டன. இங்கிலாந்தில் அது பிஎஸ்ஏ பாண்டம், அமெரிக்காவில் ஹார்லியின் 125, சோவியத் நாட்டில் இன்னொரு பெயர். வெபரையும் சோவியத் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. ஜப்பானில் ஆர்மோனியமும் பியானோவும் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி 1955இல் முதல் மோட்டார் சைக்கிள் செய்ய நினைத்தபோது, மாதிரியாக எடுத்ததும் அதே ஆர்டி 125தான். அந்த வண்டி யமஹா ஒய்ஏ 1. ஜப்பானியர்கள் அதைச் செந்தும்பி என்று கூப்பிட்டார்கள். பெரியப்பா வண்டியின் டேங்கில் இருக்கிற மூன்று இசைக்கவைகளும் அந்த வாத்தியக் கடையின் மிச்சம்தான்.

கதை இதோடு முடியவில்லை. போருக்குப் பிறகு சோப்பாவ் ஆலை கம்யூனிஸ்ட் அரசின் கையில் எம்இசட் என்று ஆனது. போர்க்காலத்தில் ஏவுகணை வேலையில் இருந்த வால்டர் காடன் அங்கே பந்தயப் பிரிவுக்குத் தலைவர். அவர் கண்டு தெளிந்தது புகைக்குழாயைப் பற்றி. வெடித்த புகை ஒரு அழுத்த அலையாகக் குழாயில் ஓடுகிறது. குழாயை முதலில் விரித்து, பிறகு ஒடுக்கினால் அந்த அலை மோதித் திரும்பி வந்து, தப்பி ஓடப் பார்க்கிற புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளும். டூ ஸ்ட்ரோக்குக்கு எக்ஸாஸ்ட் வால்வு கிடையாதல்லவா, அந்த வேலையை ஒரு அலையே செய்கிறது. அதாவது சைலன்சர் என்பது சத்தத்தை அடக்குகிற தகரம் மட்டும் இல்லை, எஞ்சினின் ஒரு பாகம்.

1961இல் காடனின் முக்கிய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர், 125 சிசி உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, சுவீடனில் நடந்த பந்தயத்தோடு மேற்கே தப்பி ஓடினார். பெர்லின் சுவர் எழும்பி சில வாரங்களே ஆகியிருந்தன. மனைவி பிள்ளைகள் கார் டிக்கியில் ஒளிந்து வந்து சேர்ந்தார்கள். டெக்னர் கொண்டுபோன அறிவு சுசுகிக்குக் கிடைத்தது. மறு வருடமே 50 சிசியில் சுசுகிக்கு முதல் உலகப் பட்டம், ஓட்டியது டெக்னரே. 1964இல் யமஹாவும் 250 சிசி பட்டத்தை டூ ஸ்ட்ரோக்கில் எடுத்தது. காடன் சோப்பாவிலேயே இருந்தார்.

அதற்கு இருபது வருடம் கழித்து அந்த ஜப்பானிய எஞ்சின்கள் இந்தியாவுக்கு வந்தன. 1984இல் ஓசூரிலிருந்து இந்த் சுசுகி. 1985இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி, 11 குதிரைத் திறன், எடை நூறு கிலோவுக்குள். 1996இல் புகை விதிகள் இறுகியபோது உற்பத்தி நின்றது. நிறுத்தியது நியாயம்தான், ரசிகர்கள் என்னைத் திட்டலாம். காடனின் அலை என்னதான் தள்ளினாலும் கலவையில் ஒரு பங்கு எரியாமல் வெளியே போகத்தான் செய்யும், எண்ணெய்ப் புகையும் சேர்ந்து. நகரங்களில் இருந்தவர்களின் நுரையீரலைக் கேட்டால் சொல்லும்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் ஏதோ தட்டியது. பெட்ரோல், பொறி, கம்ப்ரஷன் மூன்றையும் பார்த்தோம். நான்காவதாக அந்தக் குழாயை யாருமே பார்க்கவில்லை.

செவ்வாய் காலை அண்ணனுக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஐயோ. சைலன்சர் பின்னாடி கைய வெச்சிட்டு ஒரு ஒத ஒதைக்கச் சொல்லு" என்றார். பெரியப்பாவே கை வைத்தார். நான் உதைத்தேன்.

"காத்தே வரலயேடா."

அண்ணன் அரை மணியில் வந்து சேர்ந்தார். சைலன்சர் வால்பக்கம் இருக்கிற போல்ட்டைக் கழற்றி, குறடால் உள்குழாயை இழுத்தார். எண்ணெய்க் கரி பிடித்து வர மறுத்தது, அந்த ஒரு மூடி ஆயிலின் புண்ணியம். வெளியே வந்தபோது அதன் வாய் முழுக்க மண். குளவி கட்டிய கூடு. உள்ளே காய்ந்த சிலந்திகள் அடுக்கி வைத்திருந்தன. பழைய குழாயாக இருந்தால் முதல் வெடிப்பிலேயே மண் பறந்திருக்கும், கரிப்பிசினில் ஊறி அது சிமெண்ட் மாதிரி ஆகியிருந்தது. புகை வெளியே போக வழியில்லாததால் புதுக் கலவை உள்ளே வர இடமில்லை. டேயின் பம்பும் ஷ்னூர்லேயின் சுழலும் எல்லாம் சரியாக இருந்து, அரை விரல் மண்ணுக்கு முன்னால் நின்றுவிட்டன.

உள்குழாயை நெருப்பில் போட்டுக் கரியைச் சுட்டு, தட்டி, மாட்டினார். சோக் போட்டு, இரண்டாவது உதை. தெருவே வெள்ளைப் புகை. அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது, கேட்டவர்களுக்குத் தெரியும். பெரியப்பா ஆக்சிலேட்டரை இரண்டு முறுக்கு முறுக்கிவிட்டு, பெரியம்மாவைப் பார்த்து "காபி போடு" என்றார்.

புதன்கிழமை நான் பின்சீட்டில். புது பாட்டரி போட்டதால் ஹாரனும் இருந்தது. ஆய்வு செய்தவர் இருபத்தைந்து வயது இருக்கும், சேஸ் எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், விக்கிறதா இருந்தா சொல்லுங்க" என்றார். இவர் காது கேட்காத மாதிரி நின்றார். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் வாரியத்துக்கு நிற்க 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்று விதி. 74 வயதுப் பெரியப்பாவுக்குக் குடவோலையில் இடமில்லை. ஆனால் 2030 வரை ஆர்சி இருக்கிறது.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், வல்லம் வடகாலில், இப்போது யமஹாவின் ஆலையே இருக்கிறது. அங்கிருந்து வெளியே வருகிற வண்டிகள் ஃபோர் ஸ்ட்ரோக், கார்பரேட்டர் கிடையாது, கோளாறு பார்க்க மெஷினைச் செருக வேண்டும். மெக்கானிக் அண்ணனின் மகன் அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போகிறான்.

பெரியப்பா இப்போது வண்டியை நிறுத்தியதும் டேப்பை மூடுகிறார், சைலன்சர் வாயில் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அடைக்கிறார். உதைக்கும் முன் அதை எடுக்க மறந்துவிடுவார் என்று டேங்க் மேல் சுண்ணாம்புக் கட்டியால் 'துணி' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.